மொய் எழுதும் நடுவர்கள்

கடலூரில் நிலம் அளந்த கதையிலிருந்து தொடங்கலாம். 1690ஆம் ஆண்டு. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்குகிறது. கோட்டை சரி, அதைச் சுற்றி எவ்வளவு நிலம்? சங்கிலி பிடிக்கவில்லை, எல்லைக்கல் நடவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட வேண்டியது. குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரைக்கும் கம்பெனிக்கு. பீரங்கி கம்பெனியுடையது. மருந்து கம்பெனியுடையது. சுட்டவனும் கம்பெனி ஆள். பிறகு குண்டு கிட்டத்திலா விழும்? ‘குண்டு விழுந்த கிராமங்கள்’ என்று பெயரே வந்துவிட்டது. குண்டு உப்பலவாடி இன்றைக்கும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு கடலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. போட்டி நடத்துகிறவனே அளவுகோலையும் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்று உலகத்துக்குக் காட்டிய மாவட்டம் எங்களுடையது.

இந்தப் பெருமையைச் சிதம்பரத்துக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் கணக்கு கம்பெனிக்கு ரொம்ப முந்தியது. தில்லை வனம் காளி இருந்த இடம். சிவன் வந்தார். இருவருக்கும் ஆட்டப் போட்டி. தோற்றவர் ஊர் எல்லைக்குப் போய்விட வேண்டும். ஆட்டம் சரிக்குச் சமமாகப் போனது. திடீரென்று சாமியின் காதுத் தோடு கீழே விழுந்தது. ஆட்டத்தை நிறுத்தாமல் அதைக் காலாலேயே எடுத்து, காலைத் தலைக்கு மேலே தூக்கிக் காதில் மாட்டிக்கொண்டார். சபை நடுவே பெண் அப்படிக் காலைத் தூக்குவதா என்று காளி தயங்கினாள். அவ்வளவுதான், போட்டி முடிந்தது.

நடுவர் யார் என்று சின்ன வயதில் பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். ‘கோவிந்தராஜப் பெருமாள்டா’ என்பாள். ஆடினவருக்கு அவர் மைத்துனர். தீர்ப்பு சொல்லி முடித்ததும் அதே கோயிலுக்குள் அவருக்குச் சயன வசதி செய்து கொடுத்துவிட்டார்கள். காளிக்கு ஊரின் வடக்கு எல்லை. அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. பிரம்மா வந்து வேதம் ஓதி அடக்க வேண்டியிருந்தது. தில்லைக் காளி கோயிலில் நான்கு முகத்தோடு சாந்தமாக இருக்கிறாளே பிரம்ம சாமுண்டீஸ்வரி, அது அதற்குப் பிறகு எடுத்த முகம். இதைச் சொல்லிவிட்டுப் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். சாமி குத்தம் நமக்கு வேண்டாம், நானும் போட்டுக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நடராஜரைக் கும்பிட்டவர்கள் எல்லைக்குப் போய்க் காளியையும் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும் என்பது ஊர் வழக்கம். தோற்றவளுக்கும் ஒரு விளக்கு ஏற்ற வேண்டும் என்கிற கூச்சமாவது புராணத்துக்கு இருந்திருக்கிறது. பன்னாட்டுக் குத்துச்சண்டைக்கு அது கிடையாது. அங்கே தோற்றவள் அபராதம் கட்ட வேண்டும்.

2014 செப்டம்பர் 30. தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் ஆசிய விளையாட்டு. பெண்கள் 60 கிலோ அரையிறுதி. மணிப்பூரின் லைஷ்ராம் சரிதா தேவிக்கு எதிரே உள்ளூர்ப் பெண் பார்க் ஜி-னா. சரிதா 2006இல் உலகச் சாம்பியன்; 2013இல் பிள்ளை பெற்று, உடம்பைத் திரும்பக் கட்டி, கையுறையை மாட்டிக்கொண்டு வந்தவர். தலா இரண்டு நிமிடம், நான்கு ரவுண்டு. கொரியப் பெண்ணின் முகத்தில் விழுந்த அடிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எல்லோரும் எண்ணினார்கள். எண்ணுவதற்காகவே சம்பளம் வாங்கி ரிங் ஓரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும் எண்ணிக்கை வேறு மாதிரி வந்தது.

அப்போதைய விதிப்படி ஐந்து நடுவர்கள் புள்ளி போடுவார்கள். அதில் மூன்று பேருடைய தாளைக் கம்ப்யூட்டர் குலுக்கி எடுக்கும். எடுத்த மூன்றிலும் ஒரே எண்: பார்க்குக்கு 39, சரிதாவுக்கு 37. ரவுண்டை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்று கூட்டிப் பாருங்கள். நான்கில் மூன்று ரவுண்டு கொரியப் பெண்ணுக்கு. மூன்று பேரும் மூன்று நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று கோணத்தில் பார்த்து, ஒரே கனவைக் கண்டிருக்கிறார்கள்.

அதே ஆசிய விளையாட்டில் மங்கோலியாவின் நியாம்பயார், லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர், உள்ளூர்க்காரர் ஹாம் சாங்-மியோங்கிடம் ‘தோற்றார்’. மங்கோலியர்களும் கொதித்தார்கள். பார்க் ஜி-னா இறுதிப் போட்டிக்குப் போய்ச் சீனாவின் யின் ஜுன்ஹுவாவிடம் தோற்றார். உபசாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எதிரே நிற்கிறவர் பெரிய வீட்டுக்காரராக இருந்தால் அது அங்கேயே நின்றுவிடும்.

சரி, முறையீடு செய்யலாம்தானே? தாராளமாகச் செய்யலாம், 500 டாலர் கட்டினால். அந்த 500 டாலரை இந்தியக் குழுவின் பெரிய மனிதர்கள் எடுத்து நீட்டவில்லை. சரிதாவின் பக்கத்து ஆட்களே அங்கே இங்கே கைமாற்று வாங்கிக் கட்டியதாக அப்போதே செய்தி வந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு பன்னாட்டுச் சங்கமான ஐபா சொன்ன பதில் நம்மூர்த் தாலுகா ஆபீஸையே தோற்கடிக்கும்: நடுவர்கள் போட்ட புள்ளியை எதிர்த்து முறையீடு செய்ய விதியில் இடமில்லை. ரெஃப்ரி தப்பு செய்தால் கேட்கலாம், நடுவர் தப்பு செய்தால் கேட்கக் கூடாது. அதாவது கடையில் எடை குறைந்தால் தராசைப் பற்றிப் புகார் கொடுக்கலாம். தராசைப் பிடித்த கையைப் பற்றிப் பேசக் கூடாது.

மறுநாள் பதக்க மேடை. சரிதா அழுதுகொண்டே ஏறினார். வெண்கலத்தைக் கழுத்தில் வாங்கிக்கொள்ள மறுத்துக் கையில் வாங்கினார். பக்கத்தில் வெள்ளியோடு நின்ற பார்க்கின் கழுத்தில் அதையும் போட்டுவிட்டார். ‘உனக்குத்தானே எல்லாம், இதையும் வைத்துக்கொள்’ என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்தப் பெண் திருப்பிக் கொடுக்க முயன்றார். பதக்கம் மேடையிலேயே கிடந்தது.

அப்போதுதான் உலகக் குத்துச்சண்டை நிர்வாகத்துக்கு நியாய உணர்ச்சி பொங்கியது. அதுவரை குறட்டை விட்டுக்கொண்டிருந்த விதிப்புத்தகம் எழுந்து உட்கார்ந்தது. போட்டி மேற்பார்வையாளர், இது முன்கூட்டியே திட்டமிட்ட நாடகம் போலத் தெரிகிறது என்றார். எது நாடகம்? மூன்று தாளிலும் வந்த 39-37 அவர் கண்ணுக்கு நாடகமாகப் படவில்லை. ஒரு பெண்ணின் கண்ணீர் பட்டுவிட்டது. இந்தியக் குழுத் தலைமை, அது அந்த வீராங்கனையின் சொந்த முடிவு என்று கைகழுவியது. சரிதா மன்னிப்புக் கேட்டார். அதற்கப்புறமும் ஐபா அவரை 2015 அக்டோபர் 1 வரை ஓராண்டு விலக்கி வைத்தது. 1,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் போட்டது. காளி எல்லைக்குப் போனாள். என்ன, பிரம்மா வந்து வேதம் ஓதவில்லை. கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

இதையெல்லாம் லஞ்சம் என்று சொல்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. லஞ்சத்தைவிட இது ரொம்ப மரியாதையான ஏற்பாடு. நம் பாஷையில் அதற்கு மொய் என்று பெயர்.

சியோல், 1988 அக்டோபர் 2. ஒலிம்பிக் இறுதிப் போட்டி. அமெரிக்காவின் ராய் ஜோன்ஸுக்கு எதிரே கொரியாவின் பார்க் சி-ஹுன். எண்ணியவர்கள் சொன்ன கணக்கு, ஜோன்ஸ் விட்ட குத்தில் இறங்கியது 86, பார்க் விட்டதில் 32. தீர்ப்பு 3-2, பார்க்குக்குத் தங்கம். சோவியத், ஹங்கேரி நடுவர்கள் ஜோன்ஸுக்கு எழுதினார்கள். உகாண்டா, உருகுவே, மொராக்கோ நடுவர்கள் பார்க்குக்கு. அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கோப்பையை, தோற்றுப்போன ஜோன்ஸிடமே கொடுத்து அனுப்பினார்கள். வீட்டையும் எழுதி வாங்கிக்கொண்டு, போகும்போது தாம்பூலப் பை கொடுத்த மாதிரி.

மொராக்கோ நடுவர் பின்னால் சொன்ன காரணம்தான் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது. அமெரிக்கர் அவ்வளவு சுலபமாக வென்றாராம். மற்ற நான்கு பேரும் அவருக்குத்தான் போடுவார்கள் என்று இவருக்கு நிச்சயமாம். அழைத்த நாட்டுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதே என்று ஒரு ஓட்டை மட்டும் கொரியருக்குப் போட்டுவைத்தாராம். பாருங்கள், இதில் பேராசை எங்கே இருக்கிறது? கல்யாண வீட்டுக்குப் போனோம், கை நனைத்தோம், சும்மா வர முடியுமா, ஒரு நூற்றியொன்று எழுதிவிட்டு வருவோம் என்கிற அதே குணம். தொந்தரவு என்னவென்றால், பக்கத்து இலைக்காரர்கள் இரண்டு பேரும் அதே மாதிரி எழுதிவிட்டார்கள்.

லஞ்சம் கைமாறியதற்கு ஆதாரம் இல்லை என்று 1997இல் ஒலிம்பிக் கமிட்டி விசாரித்து முடித்தது. எப்படி இருக்கும்? மொய் எழுதினவன் ரசீதா கேட்பான்?

எங்கள் பக்கத்துக் காதுகுத்திலும் மஞ்சள் நீராட்டிலும் மைக் வைத்து மொய் வாசிப்பார்கள். யார் எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். பன்னாட்டுப் போட்டிகளிலும் அந்த நாகரிகத்தைக் கொண்டுவரலாம். ரிங் ஓரத்தில் ஒரு மேஜை, எவர்சில்வர் தட்டு, சந்தனம், கற்கண்டு, ஒரு நீள நோட்டு. ‘மொராக்கோ நடுவர் வகையில் ஒரு ஓட்டு! உருகுவே நடுவர் வகையில் ஒரு ஓட்டு! உகாண்டா மாமா ஒரு ஓட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம்!’ என்று ஒலிபெருக்கியில் வாசித்துவிட்டால், அடிபட்டவனுக்கும் எதற்கு அடிபட்டோம் என்று தெளிவாகத் தெரிந்துவிடும். 500 டாலர் மிச்சம்.

இந்தக் கதையில் மொய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். எழுதினவர்களில் யாருமில்லை. வாங்கிக்கொண்ட பார்க் சி-ஹுன். தான் கேட்காத தங்கத்தை முப்பத்தைந்து வருடம் வீட்டில் வைத்து உறுத்திப்போய், 2023இல் அமெரிக்காவுக்கே விமானம் ஏறி ராய் ஜோன்ஸின் கையில் கொடுத்துவிட்டு வந்தார். கொரியர்களைத் திட்டத் தயாராக இருப்பவர்கள் அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திட்டலாம்.

சியோல் அவமானத்துக்குப் பிறகு சீர்திருத்தம் வந்தது. 1992 பார்சிலோனாவில் நடுவர்கள் கையில் பொத்தானைக் கொடுத்தார்கள். ஐந்தில் மூன்று பேர் ஒரு நொடிக்குள் அழுத்தினால்தான் குத்து விழுந்ததாகக் கணக்கு. மனசாட்சியை இயந்திரத்தில் போட்டுவிட்டார்கள்; கட்டைவிரல் பழைய கட்டைவிரலாகவே இருந்தது. 2012 லண்டனில் ஜப்பானின் சதோஷி ஷிமிசு, அஜர்பைஜான் வீரரைக் கடைசி ரவுண்டில் ஆறு முறை கீழே தள்ளினார். ஆறு முறை! எழுந்து நிற்க முடியாதவரின் கையைத் தூக்கி, 22-17 என்று அவர் வென்றதாக அறிவித்தார்கள். ஜப்பான் கத்திய பிறகு முடிவு மாறியது, ரெஃப்ரியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே லண்டனில் நம்முடைய விகாஸ் கிருஷன் 13-11 என்று வென்று தூங்கப் போனார். அமெரிக்கா முறையீடு செய்தது. ரெஃப்ரி கவனிக்காத தவறுகளுக்குப் புள்ளி சேர்த்து 15-13 என்று எதிராளி எரோல் ஸ்பென்ஸ் காலையில் வென்றிருந்தார். முறையீடு செல்லுமா செல்லாதா என்பது மனுவைப் பொறுத்தது என்று யார் சொன்னது? மனுவில் குத்தியிருக்கும் கொடியைப் பொறுத்தது.

2016 ரியோ முடிந்ததும் நாற்றம் தாங்காமல் 36 ரெஃப்ரி, நடுவர்களையும் ஒட்டுமொத்தமாக ஒதுக்கினார்கள். 2021இல் மெக்லாரன் விசாரணை அறிக்கை வந்து, அங்கே ஏறக்குறைய பத்து சண்டைகள் சந்தேகத்துக்கு உரியவை என்றது. 2023இல் ஒலிம்பிக் கமிட்டி அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தையே பிடுங்கியது. சரிதாவுக்கு ஒழுக்கம் கற்பித்த சங்கம் அதுதான். அந்த 1,000 பிராங்க் எந்தக் கணக்கில் சேர்ந்ததோ.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் எனக்கும் கைத்தட்டல் கிடைக்கும். அயலூர்க்காரன் அயோக்கியன் என்று முடிப்பதற்கு எப்போதும் கூட்டம் சேரும். ஆனால் 2018 நவம்பர் இருக்கிறது. டெல்லியில் பெண்கள் உலகப் போட்டி. 57 கிலோவில் பல்கேரியாவின் ஸ்தானிமிரா பெத்ரோவா, முன்னாள் உலகச் சாம்பியன், நம்முடைய சோனியா சாஹலிடம் 3-2 என்று தோற்றார். இது ஊழல் என்று பெத்ரோவா கத்தினார். அவருடைய பயிற்சியாளர் பேத்தர் லெசோவ், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர், கோபத்தில் தண்ணீர் பாட்டிலை ரிங்குக்குள் எறிந்தார். உடனே அவருடைய அனுமதி அட்டையைப் பறித்து வெளியே அனுப்பினார்கள்.

சோனியா தோற்றார் என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து பேரில் மூன்றுக்கு இரண்டு என்று நடுவர்களே பிரிந்த சண்டை. நான் கேட்பது வேறு. இஞ்சியோனில் சரிதா அழுதபோது நமக்கு அது வீரம், டெல்லியில் பெத்ரோவா கத்தியபோது எப்படி ஒழுங்கீனம் ஆயிற்று? நாடு முழுக்கக் கொதித்த நாம் நான்கே வருடத்தில், வீட்டுக்காரராக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ‘விருந்தாளி கொஞ்சம் அடக்கமாக இருக்கலாம்’ என்றோமே? மொய்யின் இலக்கணமே அதுதான். நம் வீட்டு விசேஷத்தில் வந்தால் அன்பு, அடுத்த வீட்டில் நாம் கொடுக்க நேர்ந்தால் அநியாயம்.

டெல்லி எதற்கு? எங்கள் மாவட்டத்துக்கே வருகிறேன். கடலூர்ப் பக்கம் ஒரு மைதானம். எது, யார் நடத்தினார்கள் என்று கேட்காதீர்கள். கேட்டால் நான் சொல்ல மாட்டேன், ஏன் சொல்ல மாட்டேன் என்பது இந்தக் கட்டுரை முடிவதற்குள் உங்களுக்கே விளங்கும். ஷாமியானா, நான்கு கம்பம், தொய்ந்த கயிறு, கேன்வாஸுக்கு அடியில் மெத்தென்று ஏதோ ஒன்று. சிதம்பரத்திலிருந்து எங்கள் தெருப் பிள்ளையை வேனில் கூட்டிப் போயிருந்தோம். பன்னிரண்டாவது படிக்கிறாள். விடிகாலை நாலரைக்குத் தேர் ஓடுகிற நாலு வீதியையும் சுற்றி ஓடுவாள். கோலம் போடுகிறவர்கள் அவளுக்காகவே கொஞ்சம் தள்ளிப் போடுவார்கள்.

எதிரே நின்ற பெண் நடத்துகிறவர்களின் ஊர். முதல் ரவுண்டில் இவளுடைய இடது கை ஜேப் எண்ணெய் போட்ட மாதிரி போய்வந்தது. இரண்டாவதில் அந்தப் பெண்ணுக்கு மூக்கில் ரத்தம். மூன்றாவது ரவுண்டின்போது நடுவர் மேஜைக்குப் பிரியாணிப் பொட்டலம் வந்தது. ஒருவர் பிரித்து, வெங்காயப் பச்சடியைத் தனியே எடுத்து வைத்து, எலும்பை ஓரமாக ஒதுக்கினார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடிக்கிற வரைக்கும் அவர் ரிங்கைப் பார்த்தது இரண்டு முறை. பிறகு தாளில் எழுதினார். தாளில் மஞ்சள் கறை இருந்திருக்கும்.

ரெஃப்ரி இரண்டு பேர் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் பிள்ளை தன் கையைப் பாதி தானே உயர்த்திவிட்டாள். ரெஃப்ரி அதைக் கீழே அமுக்கிவிட்டு மற்றதைத் தூக்கினார். பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரே, ‘இது எந்த ஊரு நாயம்பா?’ என்றார், தன் ஊர் என்பதை மறந்து.

நான் எழுந்தேன். அவளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். ‘சார், சும்மா இருங்க. சர்டிபிகேட்ல கையெழுத்து அந்த மேஜையிலதான் போடணும். அடுத்த மீட்டுக்குப் பேரு அனுப்புறதும் அவங்கதான். அரசு வேலையில விளையாட்டுக்கு மூணு பர்சென்ட் இருக்குது, புள்ள போலீஸ் ஆகணும்ங்குது. ஒரு நாள் வாயத் தொறந்தா நாலு வருசம் ஓடினது போச்சு.’ பிறகு பிள்ளையின் பக்கம் குனிந்து ஹெட் கார்டைக் கழற்றியபடி சொன்னார்: ‘அழாத. சிரிச்சுக்கிட்டே மெடல வாங்கு. வணக்கம் வை.’

வாங்கினாள். வணக்கமும் வைத்தாள். பிரியாணி சாப்பிட்டவர் கை கழுவிவிட்டு வந்து அவள் தோளைத் தட்டி, ‘நல்ல ஃபைட்டும்மா, முயற்சி பண்ணு’ என்றார். இஞ்சியோனுக்கு 500 டாலர் விலை. எங்கள் ஊரில் ஒரு கையெழுத்து. அழுகையை விழுங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே வணக்கம் வைக்கிறாளே ஒரு பதினேழு வயசுப் பிள்ளை, அந்த வணக்கத்தின் மேல்தான் இவர்கள் சங்கம், கொடி, லெட்டர்பேட் எல்லாம் நிற்கிறது. சரிதா செய்த குற்றமும் அதுதான். வணக்கம் வைக்க மறுத்தார். நடுவர் ஏமாற்றினால் விளையாட்டு பொறுத்துக்கொள்ளும். ஏமாந்தவள் ஏமாந்ததாகக் காட்டிக்கொண்டால் பொறுக்காது.

திரும்பி வரும்போது வேன் புதுச்சத்திரத்தில் டீக்கு நின்றது. அவள் இறங்கவில்லை. கையில் சுற்றிய பேண்டேஜைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். வாத்தியார் டீயை ஜன்னல் வழியாக அவளிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்:

‘இனிமே வெளியூர்ல ஆடுனா பாயிண்டுக்கு ஆடாத. படுக்கப் போட்டுரு. எந்திரிக்கவே முடியலன்னா எவன் என்ன பண்ண முடியும்?’

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். ‘ஆமாதான சார்? கீழ விழுந்துட்டா எழுத முடியாதுல்ல?’

ஆமாம் என்று தலையாட்டினேன். ஜப்பான்காரர் கதையை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.